சூளை ஆறினதும் பாண்டிக்கு

பெண்ணாடத்திலிருந்து எங்கள் சாமான்களை ஏற்றி வந்த டெம்போ விருத்தாசலம் செராமிக் பேட்டைக்குள் திரும்பியபோது மழை விட்டிருந்தது. இரண்டாயிரத்து ஐந்து, ஐப்பசி. அந்த வருஷம் மழை விட்டது என்றால் அடுத்த மழைக்கு மூச்சு வாங்குகிறது என்றுதான் அர்த்தம். ரோட்டோரம் உடைந்த பொம்மைகளும் ஃபியூஸ் கட்டைகளும் குவியல் குவியலாக நனைந்து கிடந்தன. இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மகள் துர்கா, டெம்போ நிற்பதற்குள் குதித்து ஒரு தலையில்லாத பிள்ளையாரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தூக்கிப் போடுடி அத" என்றேன். மூளியான சாமியோடு புது வீட்டுக்குள் நுழைய எனக்கு மனசில்லை.

என் வீட்டுக்காரர் தமிழ்ச்செல்வனுக்கு அங்கே சூளை மேஸ்திரி வேலை. அகல் விளக்கும் பொம்மையும் வேகவைக்கிற சின்னக் கம்பெனி, முந்திரி விறகு போட்டு எரிக்கிற சூளை. வேலையோடு வீடும் உண்டு, வாடகை வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்க்கிற ரகம்தான். ஆனால் அன்றைக்கு மூட்டை எல்லாம் நனைந்து, குழந்தை பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. அடுப்பு மூட்டினால் போதும் என்றிருந்தது எனக்கு.

இரண்டு அறை. பின்அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் படுக்கிற அகலத்தில் ஒரு சந்து, சந்தைத் தாண்டிச் சூளை. சந்துக்கு மேலே தகரக் கூரை, முன்பக்கம் ஒரு ஷட்டர். உள்ளே நீளமாகக் கம்பி கட்டியிருந்தது. மழைக்காலத்தில் பேட்டையில் யாருக்குமே துணி காயாது. சூளைச் சூட்டில் போட்டால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். சூளை எரிகிற நாட்களில் எங்கள் பின்சுவரும் கதகதப்பாக இருக்கும். ஊரெல்லாம் ஈரத்தில் நடுங்கும்போது நான் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அரிசி புடைப்பேன். அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

பாண்டிப் பேச்சைத் தொடங்கியது துர்கா. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பெண் பாண்டிச்சேரிக்குப் போய், கோயில் யானையிடம் ஆசீர்வாதம் வாங்கி, கடலில் கால் நனைத்துவிட்டு வந்து ஒரு வாரமாகக் கதை விட்டிருக்கிறாள். இவளுக்குப் பொறுக்குமா? அப்பாவின் முதுகில் தொங்கிக்கொண்டு நச்சரித்தாள்.

"சரி, சூளை ஆறுற நாள்ல போவலாம்" என்றார் அவர்.

சூளைக்காரன் வீட்டு லீவு காலண்டரில் இருக்காது. எரித்து முடித்து, கங்கு முழுக்க அடங்கினதும் வாயை அடைத்து, புகைபோக்கியின் இரும்புத் தட்டை இறக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு உள்ளே இருப்பது தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு அத்தனை பொம்மையும் வெடித்துவிடும். அது ஆறுகிற நாட்களில்தான் மேஸ்திரிக்குக் கை ஓயும். கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அதற்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பின்அறையில் உட்கார்ந்து மூன்று பேரும் திட்டம் போட்டோம். கடலூர் போய் பஸ் மாறுவது. முத்தியால்பேட்டையில் இருக்கிற என் சித்தி மகள் அம்புஜவல்லி வீட்டில் தங்குவது. முதல் நாள் கோயிலும் பீச்சும், மறுநாள் படகு.

"சுனாமி வந்து இன்னும் வருஷம்கூட ஆவல. தண்ணியில எறங்கக் கூடாது. கல்லு மேல ஒக்காந்து பாத்துட்டு வந்துடணும்" என்றார் அவர்.

"அதுக்கு எதுக்குங்க அவ்ளோ தூரம்? மணிமுத்தாத்துப் பாலத்து மேல ஒக்காந்து பாத்துட்டு வந்துடலாமே" என்றேன். துர்கா சிரித்தாள்.

"புளிசாதம் கட்டிக்கிட்டா ரெண்டு வேளைக்குத் தாங்கும்" என்றேன்.

"பாப்பாவுக்குக் கொஞ்சம் தயிர்சாதமும் எடுத்துக்கலாம்" என்றது ஒரு பெண் குரல்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

பக்கத்து வீட்டுக்காரி ஒட்டுக்கேட்கிறாள் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பக்கம் வீடே இல்லை. காலையிலிருந்து சூளை எரிகிறது. அந்த நேரத்தில் சந்துக்குள் ஆள் நிற்க முடியாது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன். ஆனால் மறுநாள் மத்தியானம், அவர் சூளையடியில் இருக்கும்போது, மழைச் சத்தத்துக்கு நடுவில் மறுபடி கேட்டது. இப்போது இரண்டு குரல்.

"மொத பஸ்ஸுக்கே போயிடுவோம்" என்றான் ஆண்.

"யானைக்கு வாழப்பழம் வாங்கணும்" என்றாள் பெண்.

ஒரு சின்னக் குழந்தை சிரித்தது. பிறகு அந்தப் பெண் கவலையோடு சொன்னாள்:

"துணி இன்னும் காயலையே."

அவ்வளவுதான். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்கள். அதே பஸ், அதே வாழைப்பழம், அதே சிரிப்பு. ஈரத்துணி சூட்டில் புழுங்குகிற வாடை சுவரிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அழுகையோ ஓலமோ கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். ஊருக்குக் கிளம்புகிறவர்களின் சந்தோஷம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, துர்கா அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது.

"யாருகிட்டடி பேசுற?"

"ஆதிலட்சுமி அத்தகிட்டம்மா. அவங்களும் பாண்டிக்குத்தான் போறாங்களாம். என்னியும் கூட்டிட்டுப் போறாங்களாம்."

"நாமதான் போறமே கண்ணு."

"அவங்க பாப்பா கவுனும் என் கவுனும் ஒண்ணா காயுதாம். காஞ்சதும் கெளம்பணுமாம்."

துர்காவின் மஞ்சள் கவுனை நான் காலையில் துவைத்து வீட்டுக்குள் கொடியில் போட்டிருந்தேன். கொடியைப் பார்த்தேன். இல்லை. கதவைத் திறந்துகொண்டு மழையில் ஓடினேன். சந்துக்குள் கடைசியில், சூடு முகத்தில் அறைகிற இடத்தில், கம்பியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பி எனக்கே எட்டாது. கோல் வைத்துத்தான் துணி போடுவோம்.

அடுத்த கொட்டகையில் பொம்மை அச்சு பிரிக்கிற கமலம் அக்காவிடம் போனேன். பேட்டையில் ரொம்ப நாளாக இருக்கிறவள். ஆதிலட்சுமி என்று சொன்னதும் அவள் கை நின்றுவிட்டது.

"அந்தப் பேர யாரு சொன்னது ஒனக்கு?"

"எம்பொண்ணு சொல்லுதுக்கா."

அச்சைக் கீழே வைத்தாள். குரலை இறக்கினாள்.

"ஒனக்கு முன்னாடி அந்த வூட்ல இருந்தவங்க. கோவிந்தராசு மேஸ்திரி, அவரு பொண்டாட்டி, ஒரு பொம்பளப் புள்ள. இதே மாதிரி மழதான். பாண்டிக்குப் போறோம், பாண்டிக்குப் போறோம்னு ஒரு வாரமா அதே பேச்சு ஆதிலட்சுமிக்கு. துணி காயலன்னு சந்துல போட்டுட்டு, குளுருக்கு எதமா இருக்குதேன்னு அங்கயே பாயப் போட்டுப் படுத்துட்டாங்க மூணு பேரும். சாரல் அடிக்குதுன்னு ஷட்டர எறக்கிட்டாங்க."

"அதுல என்னாக்கா?"

"காலையில மொத பஸ்ஸப் புடிக்கணும் இல்ல? கங்கு அடங்கறதுக்குள்ள அவரு தட்ட எறக்கிட்டாரு. மேல போவ வேண்டிய வெஷக்காத்து சந்துக்குள்ள வந்துடுச்சி. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூங்கறாப்புல கெடந்தாங்க. மொகமெல்லாம் செவசெவன்னு இருந்துது பானு. செத்தவங்கன்னு சொன்னா நம்ப மாட்ட."

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"மொதலாளி வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. இனிமே அந்த வூட்ல ஒக்காந்துகிட்டு பாண்டின்னு பேசாதீங்க."

நாங்கள் பேசாத நாளே இல்லை.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். சிரிப்பார், திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எனக்கும் கேக்குது பானு. சூளையடியில நிக்கும்போது யாரோ முதுகுக்குப் பின்னாடி நின்னு கேக்கறாங்க. தட்ட எறக்கிட்டீங்களா, தட்ட எறக்கிட்டீங்களான்னு."

"இப்பவே கெளம்பிடலாங்க. புள்ளய வச்சிகிட்டு இங்க ஒரு நாளும் வேணாம்."

"உள்ள எல்லாம் பாதி வெந்து நிக்குது. எரியற சூளைய வுட்டுட்டுப் போனா எந்தச் சூளையிலயும் நம்மள சேக்க மாட்டாங்க. நாளைக்கு முடிஞ்சிடும். விடிஞ்சதும் பாண்டிக்குப் போற மாதிரி போவோம். அப்படியே அம்புஜவல்லி வூட்லயே இருந்துக்கலாம். இந்தப் பக்கம் திரும்பி வர வேணாம்."

ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் பின்அறையில் உட்கார்ந்து சொன்னார். அதுவரை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த முணுமுணுப்பு சட்டென்று நின்றுவிட்டது.

மறுநாள் முழுக்கத் துர்காவைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாள் விடிந்தபோது கொட்டுகொட்டென்று கொட்டியது. அவர் சூளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். நான் புளிசாதத்தைக் கட்டி, பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

துர்கா பாயில் இல்லை.

முன்அறையில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. பின்சுவரில் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

வெளியே ஓடினேன்.

சந்தின் ஷட்டர் இறங்கியிருந்தது.

இரண்டு கையாலும் தூக்கினேன். அசையவில்லை. கத்தினேன். அவர் புகைபோக்கிப் பக்கமிருந்து ஓடி வந்தார்.

"தட்ட எறக்கிட்டீங்களா?"

"எறக்கிட்டேன்."

"கங்கு அடங்கிடுச்சா?"

அவர் முகம் பேயறைந்தது போல் இருந்தது. "சீக்கிரம் போவணுமேன்னு… அந்தக் குரலு கேட்டுகிட்டே இருந்துது பானு" என்றார்.

கடப்பாரையால் ஷட்டரை நெம்பித் தூக்கினோம். உள்ளே பாய் விரித்திருந்தது. எங்கள் வீட்டுப் பாய் இல்லை. மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு துர்கா நடுவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் செவசெவவென்று இருந்தன. ஓடிப் போய் அவளை வாரித் தூக்கினேன். கழுத்து துவண்டு என் தோளில் விழுந்தது. அப்போது என் காதோரம், மூச்சுப் படுகிற தூரத்தில், அந்தப் பெண் ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னாள்:

"துணி காஞ்சிடுச்சி. கெளம்பலாம்."

பெரியாஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கண் விழிக்கிறவரைக்கும் நான் பழமலைநாதரைக் கூப்பிடாத கூப்பாடு இல்லை. மறுநாள் அவள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். பிழைத்தது மறுபிறப்பு என்றார் டாக்டர். அவர் காலில் விழப்போனேன், தடுத்துவிட்டார்.

சாமான்களை எடுக்கக்கூட அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டு. நெய்வேலி தாண்டியதும் மழை குறைந்தது. கடலூரில் வெயிலே அடித்தது. அவர் வழிநெடுகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. என் பிள்ளை என் மடியில் இருந்தது. ஜன்னல் பக்கமே பார்க்காமல் இருந்தாள். ஆஸ்பத்திரி அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அம்புஜவல்லி வீட்டுக்குப் பிறகு போகலாம், முதலில் கடலைக் காட்டிவிடலாம் என்றார் அவர். பீச் ரோட்டில் இறங்கி, கறுப்புக் கற்களின் ஓரத்தில் அவளை நிறுத்தினோம். வெயிலில் கடல் கண் கூசியது. அலை கல்லில் மோதி எங்கள் முகத்தில் தெறித்தது. சுண்டல்காரன் கூவிக்கொண்டு போனான். வெகுநாளைக்குப் பிறகு என் நெஞ்சு லேசானது.

"பாருடி, கடலு" என்றேன்.

துர்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நாம எப்பம்மா பாண்டிக்குப் போறது?"

"இதான்டி பாண்டி. வந்துட்டோம்."

"இல்லம்மா. நாம இன்னும் கெளம்பவே இல்ல."

அவர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து தாடையைப் பிடித்துத் திருப்பினார். "அப்பா கை காட்டற பக்கம் பாரு சாமி. எவ்ளோ தண்ணி, பாரு. அலை வருது பாரு."

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணில் நீல நிறமே விழவில்லை.

"அங்க செவுருதானப்பா இருக்குது" என்றாள்.

வலது கையை நீட்டி, எதிரே காற்றில் பதித்து வைத்தாள். உடனே வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் அந்தக் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கச் சிவந்து, கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது.