மூலை வெட்டிய நுழைவுச் சீட்டு

நாங்கள் அந்த அரங்கத்துக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. வெயில் சுள்ளென்று அடித்தது. வாசலில் இரண்டு பெயிண்டர்கள் ஏணிமேல் நின்றபடி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். திகில் கதைக்கு ஏற்ற நேரமில்லை என்று எனக்கே தெரியும். என்ன செய்ய, அப்படித்தான் நடந்தது.

நானும் தம்பியும் செப்புத் தகட்டில் எழுத்து செதுக்கி, கையால் சுற்றும் உருளை அச்சில் அச்சடிக்கிறவர்கள். கல்யாண அழைப்பு, பாராட்டுப் பட்டயம், பெயர் அட்டை எல்லாம் செய்வோம். அரங்கத்தின் மேலாளர் எங்களை வரச்சொன்ன காரணம் வேறு. நூறு வருஷத்துக்கு மேல் பூட்டிக்கிடந்த கச்சேரி அரங்கம் அது. பழுது பார்க்கும்போது சுவருக்குள்ளிருந்து ஒரு செப்புத் தகடு கிடைத்ததாம். அந்தக் காலத்துக் கச்சேரிக்கு நுழைவுச் சீட்டு அடித்த தகடு.

"திறப்பு விழாவுக்கு இதே தகட்டுல சீட்டு அடிச்சுக் குடுங்க. நூத்தி இருபது பேரை அழைக்கிறோம்" என்றார் மேலாளர்.

தகட்டை வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். திரைச்சீலை, மலர்வளையம், நரம்புக் கருவியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். கீழே 'ஒருவருக்கு மட்டும் அனுமதி, பிற்பகல் நான்கு மணி'. அதற்குக் கீழே பெயர் எழுத ஒரு கோடு. தகட்டில் எல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும்; எனக்கு அது செய்தித்தாள் படிப்பது மாதிரி. நிகழ்ச்சி முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு இழுத்துக் கெடுத்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். யாரும் திருட்டுத்தனமாக மேற்கொண்டு சீட்டு அடித்துவிடக் கூடாது அல்லவா? இந்தத் தகட்டில் அந்தக் கோடு இல்லை.

"மறந்துட்டாங்க போல. நமக்கு நல்லதாப் போச்சு" என்றான் தம்பி.

உள்ளே இருக்கைகள்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. மெழுகு வாசனையும் நனைந்த கம்பளி வாசனையும் அடித்தது. நாங்கள் திரும்பி நடக்கும்போது பின்னால் யாரோ இருமினார்கள். பாட்டு தொடங்கும் முன் தொண்டையைச் சரிசெய்வார்களே, அந்த இருமல். பெயிண்டராக இருக்கும் என்று நினைத்தேன்.

என் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வயது. வேலை சுத்தம், வாய்தான் மூடாது. எங்கள் தெருவில் அவன் பெயர் 'வானொலி'. அச்சடிக்கத் தொடங்கிய நாளன்று ஒன்பது மணிக்கு வர வேண்டியவன் பத்தரைக்கு வந்தான்.

"துரைக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?"

"கோவிச்சுக்காதே அக்கா, மூஞ்சியில கோடு விழுந்துரும். அப்புறம் உன்னையும் தகடுன்னு நினைச்சு மை தடவிருவேன்."

முதல் தாளை எடுத்ததும் பெயர்க் கோட்டின்மேல் பேனாவால் ஒரு பெயர் எழுதிப் பார்ப்போம். தாளில் மை ஊறிப் பரவுகிறதா என்று தெரிய வேண்டும். அன்றைக்கு யார் என் உயிரை வாங்கினார்களோ அவர்கள் பெயரைத்தான் எழுதுவேன். பாதிநாள் தம்பி பெயர்தான். அன்றும் அவன் பெயரையே எழுதினேன். மை பரவவில்லை. சோதனைத் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், அது கட்டாயம். ஆனால் கிழிக்கப் போன என் கையிலிருந்து அவன் பிடுங்கிக்கொண்டான்.

"இவ்வளவு அழகா வந்திருக்கு, கிழிக்க மனசு வருதா உனக்கு? என் பேர் போட்ட சீட்டு, நானே வச்சுக்கறேன்."

சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் நூற்றிருபது சீட்டும் முடிந்ததும் கட்டி எடுத்துக்கொண்டு, பையில் அந்தத் தாளோடு மூன்றரை மணிக்கு அரங்கத்துக்குக் கிளம்பினான். நான் விட்டுவிட்டேன். அந்த ஒரு தாளைக் கிழித்திருக்கலாம். ஐயோ, கிழித்திருக்கலாம்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தான்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன் அக்கா. கதவுக்காரர் என் சீட்டைப் பார்த்துட்டு மூலையை வெட்டி உள்ள விட்டார். ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்துட்டு வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். போய்க் கை கழுவினான். சாப்பிட்ட தட்டைத் தானே தேய்த்து வைத்தான். எங்களோடு இருக்கும் அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் காலை அவன் செதுக்கும் ஊசியை இடது கையில் பிடித்திருந்தான்.

பன்னிரண்டு வயதில் ஊசி வழுக்கி அவனுடைய இடது கட்டைவிரலில் ஆழமாக இறங்கியது. நான்தான் இரத்தம் சொட்டச் சொட்ட அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தத் தழும்பு எனக்குத் தெரியாதா?

தழும்பு வலது கட்டைவிரலில் இருந்தது.

சட்டைப் பை வலது பக்கம். தலை வகிடு வலது பக்கம். எழுத்துகளை இடவலம் மாற்றிப் பார்த்தே பிழைக்கிறவள் நான். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். பேப்பரை எடுத்து அவன் முன்னால் போட்டேன். எழுத்துக்கூட்டித் திணறினான். தகட்டைக் காட்டினேன். கடகடவென்று படித்தான்.

அடுப்படியிலிருந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, இது நம்ம பிள்ளை இல்லம்மா."

"உனக்கு என்னடி கேடு? இப்பத்தான் திருந்தி வந்திருக்கான், அதுவும் பொறுக்கலையா உனக்கு?"

அவன் எங்கள் இருவரையும் பார்த்துப் புன்னகைத்தான். என் தம்பி இதற்குள் பத்துக் கிண்டல் அடித்திருப்பான்.

அன்று பிற்பகல், தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு அரங்கத்துக்கு ஓடினேன். பக்கவாட்டுக் கதவருகே நீளக் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றிருந்தார். கையில் சின்ன வெட்டுக்கருவி. கோட்டின் பொத்தான்கள் மாறின பக்கம் இருந்தன. அவருக்குப் பின்னால் கதவு ஒரு விரல்கடை அளவு திறந்திருந்தது. மெழுகு வாசனை வந்தது.

"சீட்டு?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"என் தம்பி உள்ள இருக்கான். அவனை வெளிய விடுங்க."

"உள்ள வர்றதுக்குத்தாம்மா சீட்டு. வெளிய போறதுக்குச் சீட்டு கிடையாது. நிகழ்ச்சி முடிஞ்சா எல்லாரும் போகலாம்."

"எப்ப முடியும்?"

"ஆரம்பிச்சாத்தானே முடியும்? இருக்கை காலியா இருக்கே."

நான் தகட்டை எடுத்தேன், செதுக்கும் ஊசியையும் எடுத்தேன். "குறுக்கே கோடு போட்டுடுவேன். அப்ப எல்லாம் முடிஞ்சிரும்."

"தாராளமாப் போடுங்க. உள்ள இருக்கறவங்க உள்ளயே இருந்துடுவாங்க, அவ்வளவுதான்."

அப்போது கதவிடுக்கிலிருந்து குரல் வந்தது. கிசுகிசுப்பாக.

"அக்கா, வேணாம்."

என் தம்பி. என் வானொலி. குரல் உடைந்திருந்தது.

"நான் வரேன்டா. என் பேரையே எழுதிட்டு உள்ள வரேன்."

"வராதே. நீயும் வந்துட்டா அப்புறம் யார் அச்சடிப்பா? இங்க எல்லாரும் மேடையையே பார்த்துட்டு இருக்காங்க. யாரும் கண்ணைச் சிமிட்டல அக்கா. என்னால எந்திரிக்க முடியல. பக்கத்துல ஆள் வந்து நிறைஞ்சாத்தான்..."

கதவு மூடிக்கொண்டது. இரண்டு கையாலும் தட்டினேன், உதைத்தேன், தொண்டை கிழியக் கத்தினேன். சத்தம் கேட்டு மேலாளர் ஓடி வந்தார்.

"இங்க நின்னாரே, கதவுக்காரர்?"

"நாங்க இன்னும் கதவுக்கு ஆளே போடலையேம்மா" என்றார்.

திறப்பு விழா நாளன்று முன்கூடத்தின் சுவரோரம் நின்றேன். மூன்றேமுக்கால் மணி. கையில் நான் அடித்த சீட்டோடு மனிதர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நீளக் கோட்டுக்காரர் ஒவ்வொரு சீட்டாக வாங்கி மூலையை வெட்டினார். சரக். சரக். யாரும் அவரை வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

எங்களுக்குத் தாள் விற்கும் கடைக்காரரும் வந்தார். நல்ல மனுஷர். இருபது வருஷமாக எங்களைச் சிரிக்கவைக்காமல் கடையிலிருந்து அனுப்பியதில்லை.

"என்னம்மா, சீட்டைப் பார்த்தா கச்சேரியே வேணாம், இதையே பார்த்துட்டு இருக்கலாம் போல இருக்கே! வானொலி எங்க? ஒலிபரப்பு இல்லையா இன்னைக்கு?"

போகாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

சுவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அந்த இருமலுக்கு நடுவே அவன் குரல்.

"அக்கா, ப்ளீஸ்."

"நல்லபடியா பார்த்துட்டு வாங்க அண்ணே" என்றேன்.

சரக்.

நான் செய்தது பாவம்தான். நூற்றிருபது பேரையும் எண்ணிப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவன் வந்துவிடுவான் என்ற ஒரே நினைப்பில். ஆறு மணிக்குக் கதவு திறந்தது. எல்லோரும் வரிசையாக, சத்தமில்லாமல், சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்கள். கைக்கடிகாரங்கள் எல்லாம் வலது மணிக்கட்டில் இருந்தன. தாள் கடைக்காரர் என்னைக் கடந்து போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசி ஆள் வந்தபின் உள்ளே ஓடினேன். இருக்கைகள் எல்லாம் காலி. என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

தலைக்கு மேலே, மாடியிலிருந்து கீழே குனிந்து பேசுவது போல, அவன் குரல் வந்தது.

"கீழ்த்தளம் நிறைஞ்சிருச்சு அக்கா. மாடியில எண்பது காலி."

இரண்டாம் நாள் மேலாளர் வந்தார். பேனாவை இடது கையில் பிடித்திருந்தார். இன்னொரு கச்சேரி, வரும் சனிக்கிழமை, எண்பது சீட்டு வேண்டும் என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே சரி என்றேன். அவர் கொடுத்த பட்டியலில் எழுபத்தொன்பது பெயர்கள்தான் இருந்தன. எண்பதாவதில் என் பெயரை எழுதிவிடுவது என்று அப்போதே தீர்மானித்தேன். கடைசிச் சீட்டுக்குப் பிறகு அச்சடிக்க ஆள் வேண்டியதில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடலாம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

மூன்று நாள் சோறு தண்ணி மறந்து அச்சடித்தேன். மை தடவினேன், துணியால் துடைத்தேன், உள்ளங்கையால் துடைத்தேன், ஈரத்தாளை வைத்து உருளையைச் சுற்றினேன். மூன்றாம் நாள் மதியம் அம்மா பின்னால் வந்து நின்று, "இவன் அரங்கத்தைச் சுத்திக் காட்டறேங்கறான், போய்ட்டு வந்துடறேன்" என்று என்னமோ சொன்னாள். நான் அறுபத்தெட்டாவது தாளில் இருந்தேன். "உம்" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

மாலையில் எண்பதாவது தாளை உரித்தேன்.

பெயர்க் கோடு காலியாக இல்லை.

அம்மாவின் பெயர் இருந்தது. பேனா மையில்லை, தகட்டிலிருந்தே ஏறிய எழுத்து. விரலில் மேடு தட்டியது. தகட்டைத் தடவிப் பார்த்தேன். அந்த இடம் வழவழவென்று இருந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் வைத்துச் சுற்றினேன். அம்மா பெயர். இன்னொன்று. அம்மா பெயர். ஆறு தாள் கிழித்தேன். ஏழாவதை உரித்தபோது மூலை ஏற்கனவே வெட்டியிருந்தது.

"அம்மா!" என்று அலறினேன்.

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசற்படியில் நின்றாள். சிரித்தாள்.

"கூப்பிட்டியாம்மா?"

என் அம்மா என்னை 'டி' போட்டுத்தான் கூப்பிடுவாள். அம்மாவுக்கு மச்சம் வலது கன்னத்தில். இவளுக்கு இடது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையில் தகடு இருந்தது. குளிர்ந்த செம்பு மெல்ல அதிர்ந்தது. காதோடு வைத்தேன். எங்கோ பெரிய கூடத்தில் நிறைய பேர் அமைதியாக மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"அக்கா" என்றான் தம்பி. "அம்மா என் பக்கத்துலதான் இருக்காங்க. மடியில என் கையை வச்சுக்கிட்டு இருக்காங்க. பயப்படாதே."

"சனிக்கிழமை மத்தவங்களும் வந்துட்டா எல்லாம் நிறைஞ்சிரும்டா, அப்ப ஆரம்பிச்சுடுவாங்களா? சொல்லுடா, ஆரம்பிச்சுடுவாங்களா?"

மரத்தரையில் எதையோ இழுக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக.

"ஓரத்துல புதுசா நாற்காலி கொண்டாந்து போடறாங்க அக்கா."

எத்தனை என்று கேட்டேன்.