முதல் கூடாரம் யாருடையது?

வாலுவின் கையில் தூரிகை. எதிரே பாதி எழுதிய பலகை. "இந்தத் திடலின் கதை" என்று மேலே எழுதியாயிற்று. கீழே இரண்டு வரிகள் காய்ந்துகொண்டிருந்தன.

'முதலில் சாலை போட வந்த தொழிலாளர்கள் இங்கே முகாம் போட்டார்கள். பிறகு சாரணர்கள் வந்தார்கள்.'

மூன்றாவது வரியில்தான் வந்தது வினை. விடுமுறையைக் கழிக்க இங்கே கூடாரம் போட்ட முதல் குடும்பம் எது?

"நாங்கதான்!" என்றார் டிரைவர் தாத்தா.

"அவரு கிழிச்சாரு! நாங்கதான்!" என்றார் டெய்லர் தாத்தா.

இருவரும் ஆண்டுதோறும் வருகிறவர்கள். திடலின் இரண்டு ஓரங்களில் கூடாரம் போடுவார்கள். எதிர்ப்பட்டால் தலையாட்டுவார்கள். இன்று காலை அந்தத் தலையாட்டலும் நின்றுபோனது.

"பலகையில அந்த ஆளு பேரு வந்தா, நான் இங்க இருக்கமாட்டேன்" என்று டிரைவர் தாத்தா கூடார முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

வாலு தூரிகையைக் கீழே வைத்தாள். அவர் போனால் அவருடைய பேத்தி சுண்டெலியும் போய்விடுவாள். ஆண்டு முழுவதும் காத்திருந்து கிடைக்கும் தோழி. வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை.

திடலைப் பார்த்துக்கொள்ளும் அப்பா, குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ரெண்டு பேர்ல யாருப்பா முதல்ல வந்தது?"

"நாம வந்தே மூணு வருஷம்தான். எனக்கெப்படித் தெரியும்?"

"அந்த வரியை விட்டுடவா?"

"விட்டா ரெண்டு பேருமே கோவிச்சுக்குவாங்க." அப்பா மறுபடியும் குழாயைத் திருக ஆரம்பித்துவிட்டார்.

வாலு டெய்லர் தாத்தாவிடம் போனாள். அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, அந்த முதல் நாள் எப்படி இருந்துச்சு?"

"அதையேன் கேக்குற! ராத்திரி பேய்க்காத்து. நானே தைச்ச கூடாரம், பறக்கப் பார்த்துச்சு. வெளியில யாரோ ஓடிவந்து, விடியுறவரைக்கும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நன்றி சொல்லலாம்னு காலையில வந்து பார்த்தா, ஆளைக் காணோம்."

"யாரு தாத்தா அது? நீங்கதானே முதல் ஆளு?"

டெய்லர் தாத்தா அடுத்த பொத்தானை எடுத்தார். "யாராவது சாரணப் பசங்களா இருக்கும்."

வாலு ஒரே ஓட்டமாக மறு ஓரத்துக்கு ஓடினாள். பாதிக் கூடாரம் சரிந்து கிடந்தது. சுண்டெலி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பையின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"தாத்தா, கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அந்த முதல் ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

"தூக்கமா! எவனோ ஒரு புத்திசாலி, ஜன்னல் திரையெல்லாம் சேர்த்துத் தைச்சு, கூடாரம்னு போட்டிருந்தான். அடிச்ச காத்துல..."

வாலுவின் கண்கள் விரிந்தன. "இருங்க, இருங்க! இதை அங்க வந்து சொல்லுங்க."

"அந்த ஆளுகிட்டயா? ஆளை விடு!"

வாலு ஒரு கையைப் பிடித்தாள். சுண்டெலி மறுகையைப் பிடித்தாள். இரண்டு வாண்டுகளும் இழுத்த இழுப்பில் தாத்தா வந்து சேர்ந்தார். டெய்லர் தாத்தாவைப் பார்க்காமல், ஒரு மரத்தைப் பார்த்துச் சொன்னார்:

"விடியுறவரைக்கும் கயித்தைப் பிடிச்சே கை காய்ச்சுப்போச்சு. காலையில முதல் பஸ்ஸை நான் எடுக்கணும்னு, கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டுக் குடும்பத்தோட ஓடினேன். அந்தத் துணி மட்டும் மறக்கல. மின்னல் வெளிச்சத்துல பார்த்தேன். பெரிய பெரிய மஞ்சள் பூ..."

டெய்லர் தாத்தாவின் கையிலிருந்து பொத்தான் விழுந்தது.

"அது சூரியகாந்தி" என்றார் மெதுவாக. "எங்க வீட்டுத் திரை."

மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார். "அப்போ உள்ளேயிருந்து கத்தினது நீங்களா?"

"கத்தல. கூப்பிட்டேன்."

"என் காதே கிழிஞ்சுதே!"

டெய்லர் தாத்தா எழுந்தார். தன் நாற்காலியைத் தூசி தட்டி அவர்முன் போட்டார். "உட்காருங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். ரொம்ப நன்றிங்க."

டிரைவர் தாத்தா உட்கார்ந்தார். "சுண்டெலி, போய் முளையெல்லாம் திரும்ப அடி" என்றார்.

வாலுவும் சுண்டெலியும் சேர்ந்தே ஓடினார்கள். அடித்து முடித்ததும் வாலு பலகைக்கு வந்தாள். இரண்டு தாத்தாக்களும் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்கள்.

"கத்தினதை மட்டும் எழுதிடாதம்மா" என்றார் டெய்லர் தாத்தா.

வாலு எழுதினாள்:

'பிறகு ஒரே நாளில் இரண்டு குடும்பங்கள் வந்தன. ஒரு கூடாரம் பறக்கப் பார்த்தது. பக்கத்துக் கூடாரத்துக்காரர் விடவில்லை.'