தாங்குதரை

முப்பிடாதி விழுந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு போய்க்கொண்டிருந்தவள் அப்படியே மடங்கி, முகம் தரையில் மோத விழுந்தாள். சாம்பார் அடுத்த மேசை வரை தெறித்தது. அத்தனை பிள்ளைகளும் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் பார்த்தார்கள். சிரிக்கலாம் என்றுகூட ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஒரு ஆள் விழுவதை அவர்களில் யாரும் அதற்கு முன் பார்த்ததே கிடையாது.

பொன்மலர் ஓடிப்போய்த் தூக்கத்தான் நினைத்தாள். உடற்கல்வியில் முனைவர் பட்டம் வாங்கியவள், ஒரு காலத்தில் தடை ஓட்டத்தில் மாநிலப் பதக்கம் வாங்கியவள், இந்த விளையாட்டுப் பள்ளிக்கே தலைமை ஆசிரியை. இரண்டாவது எட்டிலேயே கால் பின்னிக்கொண்டது. பக்கத்துத் தூணைக் கட்டிப்பிடித்து நின்றாள்.

"கரண்ட் போயிட்டு மேடம்!" வாசலிலிருந்து ஷேக் மதார் கத்தினார். "பேட்டரியும் மழைத் தண்ணில முங்கிட்டு. தரைக்கு உசுரு இல்ல. பிள்ளைகள அசையாம உக்காரச் சொல்லுங்க!"

தரைக்கு எங்கேயாவது உயிர் உண்டா என்றால், உண்டு. தாங்குதரைக்கு உண்டு. சுவரிலும் கம்பத்திலும் பதித்த வரைகண்கள், ஒரு பிள்ளை காலைத் தூக்கும்போதே படம் பிடித்துவிடும். எடை எந்தப் பக்கம் சாய்கிறது, முட்டி எப்படித் திரும்புகிறது, பாதம் எங்கே இறங்கும் என்று கண்மூடித் திறப்பதற்குள் வரைபடம் போட்டுத் தரைக்கு அனுப்பும். தரைக்குள் இருக்கும் இறுகுகூழ் அதைப் படித்து, கால் வந்து தொடும் முன்பே ஓரிடத்தில் கெட்டிப்பட்டு, ஓரிடத்தில் இளகி, பாதத்தை ஏந்திக்கொள்ளும். எப்படித் தவறாகக் கால் வைத்தாலும் சரியாக வைத்ததாகவே ஆகிவிடும். அப்புறம் எங்கிருந்து விழுவது?

அந்தக் கூழைக் காய்ச்சியவர் மதார். பொருளறிவியல்காரர். வரைகண்ணைக் கட்டியது வேறொரு ஆய்வகம். ஆனால் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டவள் பொன்மலர்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செண்பகக்கனி என்று ஒரு பிள்ளை, தடையில் கால் இடறிக் கழுத்தெலும்பை முறித்துக்கொண்டு, பிறகு படுக்கையை விட்டு எழவே இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் பொன்மலரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது அவள் நெஞ்சை விட்டுப் போகவில்லை. "இந்த இயந்திரம் எதைக் கத்துக்கணும், ஒரே வரியில சொல்லுங்க" என்று வரைகண்காரர்கள் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"யாரும் விழக் கூடாது. அவ்வளவுதான்."

"வேகமா ஓடணும், நல்லா நடக்கணும்னு ஏதாவது சேக்கலாமே மேடம்?" என்று மதார் அன்றைக்கே கேட்டார்.

"அதெல்லாம் பிள்ளைகளே பாத்துக்கும் சார். விழாம இருந்தா போதும்."

போதும் என்றுதான் நாடே நினைத்தது. பள்ளிக்கூடங்களில் போட்டார்கள். ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், கோயில் பிராகாரம், கடைத்தெரு, வீட்டுக் கூடம் எல்லாவற்றிலும் போட்டார்கள். குழந்தைகள் நடை பழகியதே தாங்குதரையில்தான். முன்பெல்லாம் கபடிப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே விழச் சொல்லிக்கொடுப்பார்கள். தோளை மடக்கி, தாடையை நெஞ்சோடு ஒட்டி, உருண்டு விழ வேண்டும். பாடத்திட்டத்திலிருந்து அந்தப் பாடத்தை எடுத்ததும் பொன்மலர்தான். தரை விழவிடாதபோது எப்படி விழப் பழக்குவது? தன் மாணவிகளின் முட்டிகளில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை என்று மேடை மேடையாகப் பெருமையடித்துக்கொண்டவள் அவள்.

கைப்பேசி அலறியது. தாலுகா ஆபீசிலிருந்து.

"டீச்சர், பேராச்சிகுளம் கரை இப்பவோ அப்பவோன்னு நிக்கி. உடைஞ்சா உங்க பள்ளிக்கூடம்தான் முதல்ல. பிள்ளைகள நாலுவழிச் சாலைக்கு ஏத்திருங்க."

"பஸ் அனுப்புங்க சார்!"

"எந்த பஸ் அந்தச் சகதில வரும்? நடத்திக் கூட்டிட்டுப் போங்க. ஒரு கூப்பிடு தூரம்தானே?"

ஒரு கூப்பிடு தூரம்தான். பள்ளி வாசலுக்கும் மேட்டில் போகும் சாலைக்கும் நடுவில் ஒரு துண்டுக் கரிசல் நிலம். யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டில் வழக்கு நடந்ததால் அங்கே மட்டும் தரை போட முடியவில்லை. பிள்ளைகள் அதை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். 

சுவரைப் பிடித்தும் ஒருவரையொருவர் பிடித்தும் எப்படியோ வாசல் வரை வந்து சேர்ந்தார்கள். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. முதலில் இறங்கிய பெரிய பிள்ளைகள் நாலைந்து பேர் இறங்கிய வேகத்தில் விழுந்தார்கள். எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். விழுவதும் ஒழுங்காக விழத் தெரியவில்லை. கையை ஊன்றத் தெரியாமல் முகத்தால் விழுந்தார்கள். பின்னால் நின்ற சின்னப் பிள்ளைகள் பயந்து அலற ஆரம்பித்தார்கள்.

"மண்ணு காலப் பிடிச்சுக்க மாட்டேங்கு டீச்சர்!" என்று முப்பிடாதி அழுதாள். மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தது. நூறு மீட்டரில் மாநிலத்திலேயே வேகமான பிள்ளை அவள்.

"மண்ணு பிடிக்காதுட்டி, நாமதான் ஊணி நிக்கணும். நான் காட்டுதேன் பாரு."

பொன்மலர் இறங்கினாள். அவளென்ன தாங்குதரையில் பிறந்தவளா? செம்மண் ஓடுதளத்தில் செருப்பில்லாமல் ஓடி வளர்ந்தவள். அந்தத் தைரியத்தில் காலை வைத்தாள். பாதம் வழக்கம்போல, தரை வந்து ஏந்தும் என்று காத்திருந்தது. தரை வரவில்லை. மல்லாக்க விழுந்தாள். எழுந்து நின்று மறுபடி வைத்தாள், குப்புற விழுந்தாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் கால் எல்லாவற்றையும் மறந்திருந்தது.

மதார் இரண்டு பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். மூன்று பேரும் சேர்ந்து விழுந்ததில் ஒரு பிள்ளையின் மணிக்கட்டு பிசகியது. அந்தப் பிள்ளை வீறிட்ட சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

குளத்துப் பக்கமிருந்து யாரோ கூச்சல் போட்டார்கள். கரையைத் தண்ணீர் அரிக்கத் தொடங்கிவிட்டது.

"ஆண்டவரே, என் பிள்ளைகள நானே கொன்னுட்டேனே!" என்று பொன்மலர் சேற்றில் கிடந்தபடி வாய்விட்டு அழுதாள். தலைமை ஆசிரியை என்ற நினைப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. எழ வேண்டும் என்று கைகளை ஊன்றினாள். முட்டிகளையும் ஊன்றினாள். அப்படியே ஒரு அடி முன்னால் நகர்ந்தாள். விழவில்லை. இன்னும் ஒரு அடி நகர்ந்தாள். அப்போதும் விழவில்லை.

"முட்டி போடுங்க பிள்ளையளா! கைய ஊணித் தவந்து வாங்க! பெரிய பிள்ளைகள்லாம் சின்னப் பிள்ளைகள முன்னால விடுங்க!"

வாசலைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடமே நாலு காலில் கிளம்பியது. ஓட்டக்காரிகளும் உயரம் தாண்டுகிறவர்களும் நீளம் தாண்டுகிறவர்களும் வரிசையாகச் சேற்றில் தவழ்ந்தார்கள். மேட்டுச் சாலையில் நிறுத்தியிருந்த லாரிக்காரர் ஒருவர் கைகொடுக்க இறங்கினார். அவரும் ஊரில் தாங்குதரையில் நடக்கிறவர்தானே, இறங்கிய இடத்திலேயே மூஞ்சியடித்து விழுந்தார். பிறகு அவரும் தவழ்ந்துதான் ஒவ்வொரு பிள்ளையாக மேலே தள்ளிவிட்டார். கடைசியாக மதார் ஏறி முடிக்கவும் கரை உடைந்து தண்ணீர் வரவும் சரியாக இருந்தது. பள்ளிக்கூடம் ஜன்னல் வரை முங்கியது. ஒரு பிள்ளையின் உயிர்கூடப் போகவில்லை. பொன்மலர் ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தார்ச்சாலையிலேயே படுத்துவிட்டாள்.

பொங்கல் கழித்துப் பள்ளி திறந்தார்கள். புதுக் கூழ் ஊற்றி, புதுக் கம்பி இழுத்து, மதார் தானே நின்று மின்சாரம் கொடுத்தார். பிள்ளைகள் பையோடு உள்ளே வந்தார்கள்.

முதலில் வந்த பிள்ளையின் பாதத்தின் கீழ் தரை இளகியது. மெதுவாக, வலிக்காமல், பஞ்சு மாதிரி உள்வாங்கி அவளை முட்டி போட வைத்தது. முட்டியும் உள்ளங்கையும் பட்ட இடத்தில் மட்டும் கெட்டிப்பட்டது. அவள் எழுந்தாள். மறுபடி இளகியது. அடுத்து வந்தவளுக்கும் அப்படித்தான், அதற்கடுத்தவளுக்கும் அப்படித்தான்.

"மதார் சார், என்ன இது?" பொன்மலரும் முட்டி போட்டுத்தான் கேட்டாள். அவளையும் தரை இறக்கியிருந்தது.

மதார் திரையைப் பார்த்தபடி பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"வாசல் கம்பத்துல இருக்க வரைகண்ணுக்குத் தனி சோலார் மேடம். அன்னைக்கு அது அணையவே இல்ல. எல்லாத்தையும் பாத்துருக்கு. நின்னவங்க அத்தன பேரும் விழுந்தாங்க. தவந்தவங்கள்ல ஒருத்தர்கூட விழல. அதுக்கு நாம சொன்னது ஒரே ஒரு விஷயம்தானே?"

பொன்மலர் தவழ்ந்து வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு தரை படிச்சது எல்லாத் தரைக்கும் போயிரும். இன்னைக்கு நான் கரண்ட் குடுத்ததும் இதுவும் போயிட்டு" என்றார் மதார். "மதுரை பஸ் நிலையத்துலருந்து போன் வந்துட்டு. மெட்ராஸ் ஆஸ்பத்திரிலருந்தும் வந்துட்டு. டாக்டர்மாரே முட்டி போட்டுத்தான் வார்டு சுத்துதாங்களாம்."

"அமத்துங்க! எல்லாத்தையும் அமத்துங்க!"

"அமத்தினா நாடு முழுக்கச் செத்த தரை மேடம். மாசமா இருக்கிற பிள்ளைக, ஆபரேஷன் முடிஞ்சவங்க, வயசானவங்க, எழுந்து நிக்கிற அத்தன பேரும் அன்னைக்கு நாம விழுந்த மாதிரி விழுவாங்க. தாங்குமா?"

"அப்ப மாத்திச் சொல்லிக்குடுங்க. மனுசன் நிப்பான்னு சொல்லுங்க!"

"வாயால சொன்னா அது கேக்காது, படிச்சத அழிக்கவும் முடியாது. படம் காட்டணும். தரையோட தயவு இல்லாம, வெறும் மண்ணுல, விழாம நடக்கிற ஆளோட படம். நம்மகிட்ட உள்ள பழைய படம் அத்தனையும் தாங்குதரை மேல எடுத்தது. அந்த நடையெல்லாம் தான் தூக்கி நிறுத்தினதுன்னு அதுக்கே தெரியும். வெறும் மண்ணுல எடுத்தது அந்த ஒரு நாள் படம் மட்டும்தான்."

பொன்மலர் கையை ஊன்றித் திரும்பினாள். தவழ்ந்தே கூடத்தைத் தாண்டினாள், வாசலைத் தாண்டினாள், கரிசலில் இறங்கினாள். மண் காய்ந்து வெடித்திருந்தது. கம்பத்து வரைகண்ணுக்கு நேர் கீழே போய், பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.  ஒரு எட்டு வைத்தாள், விழுந்தாள். உள்ளங்கை கிழிந்தது. எழுந்து மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தாள். கம்பத்தின் மேலே சின்ன விளக்கு ஒவ்வொரு தடவையும் மினுக்கியது. ஒவ்வொரு விழுகையையும் அது சிரத்தையாகப் படித்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தான் விழ விழ, நிற்கக் கூடாது என்பது அதற்கு இன்னும் உறுதியாகும் என்றும் தெரியும். தெரிந்துதான் எழுந்தாள். வேறு என்ன செய்ய?

"வாங்க பிள்ளையளா!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். "இறங்கி வாங்க! நாலு நாள் விழுவோம், அடிபடும், அப்புறம் நின்னுரலாம்! உங்களுக்குச் சின்ன வயசு, சட்டுனு வந்துரும்!"

யாரும் இறங்கவில்லை. வாசலில் பிள்ளைகள் முட்டி போட்டு வரிசையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்துக்குள்ளே மீதிப் பிள்ளைகள் தவழ்ந்து பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். தரை அவர்களுடைய முட்டியையும் கையையும் அழகாக ஏந்திக்கொடுத்தது. என்ன வேகம்! பந்தயத்தில் முதலாவதாக வந்த முப்பிடாதி மூச்சிரைக்க வாசலுக்குத் தவழ்ந்து வந்தாள். டீச்சரின் முழங்காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"வாட்டி, நீ வந்தா எல்லாரும் வருவாங்க" என்று பொன்மலர் கை நீட்டிக் கெஞ்சினாள். "உன் காலு எப்பேர்ப்பட்ட காலு! ஒரே ஒரு தடவ நில்லுட்டி. எனக்காக நில்லு."

முப்பிடாதி ஒரு கையை வெளியே நீட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டாள். டீச்சர் மேல் அவளுக்கு உயிர். அதனால் நன்றாக யோசித்து, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"எதுக்கு டீச்சர் நிக்கணும்?"

பொன்மலர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த யோசனையில் கால் தடுமாறி விழுந்தாள்.