கொஞ்சம் கரண்ட்

தோர்கெய்ர் மறுபடியும் குனிந்து பேட்டரி மீட்டரைப் பார்த்தார். மனைவியின் ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் ஓடினால் முள் எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். முள் இப்போது கோட்டைத் தாண்டி நின்றது.

மதியச் சாப்பாடு முடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. ஆனால் டிசம்பரில் வடகோடியின் அந்த மலைக்குப் பகல் என்று ஒன்று வருவதில்லை. கணவாய் வாயிலில் தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது. பனி தள்ளும் வண்டி வந்து முன்னே போனால்தான், பின்னால் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போகலாம். அதுவரை, காற்று வேனை உலுக்கிக்கொண்டிருக்க, முன்னால் நின்ற காரின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும்.

இலையுதிர் காலம் முழுவதும் கொட்டகையில் உட்கார்ந்து அவர் அந்தப் பேட்டரிப் பெட்டியைக் கட்டியிருந்தார். செல்களை வரிசையாக நிறுத்தி, செம்புப் பட்டைகளால் இணைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை முடுக்கி, எந்தச் செல்லும் அளவு மீறாமல் காக்கும் சிறு பச்சை மின்சுற்றுப் பலகையைப் பொருத்தி, குளிரில் விறைக்காமலிருக்க அடியில் சூடேற்றும் விரிப்பும் வைத்திருந்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும் இணைப்பை மட்டும் வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஆக, இருப்பதுதான் இருப்பு. அது தீர்ந்தால் மனைவி குன்வோருக்கு மூச்சு இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் பேரக் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

"குன்வோர், பின்னாடி ஏதாவது போட்டிருக்கியா? போர்வை ஹீட்டர் மாதிரி?"

இருக்கைக்குப் பின்னால் தொங்கிய திரைக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது. "நான் போடல. பின்கதவைத் தட்டி யாரோ கேட்டாங்க. குளிருது, கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கவான்னு. எடுத்துக்கங்கன்னேன்."

"யாரு?"

"குளிர்ல வந்து கேக்கறவங்ககிட்ட நீ யாரு, உங்கப்பா யாருன்னா கேப்பாங்க?"

"நம்மகிட்டயே அளந்துதான் இருக்கு."

"நீ எப்பவும் இருக்கறதைவிடக் கம்மியாதான் சொல்லுவ. சர்ச்சுல எல்லார் காபிக்கும் சர்க்கரை போடச் சொன்னப்பவும், தீந்துபோச்சுன்னு இதே கதைதான்."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு இறங்கினார்.

முகாமிடும்போது அடுப்பு வைக்க உதவும் என்று பின்கதவின் வெளிப்புறத்தில் அவரே ஒரு பிளக் பாயிண்ட் வைத்திருந்தார். அதில் ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று செருகியிருந்தது. பழைய ஒயர், வெயில் பட்டு வெளுத்தது. அது பனிமேல் வளைந்து வளைந்து பின்னால் போனது. அவர் டார்ச்சை உயர்த்தினார். கூரைவரை பனி மூடிய ஒரு கார் நின்றது. எஞ்சின் சத்தம் இல்லை. புகை இல்லை. கண்ணாடிகளின் உட்புறம் வெள்ளையாக உறைந்திருந்தது. அது வந்து நின்றதற்கான சக்கரத் தடம் ஒன்றுகூட இல்லை. காற்று மூடியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

போய்க் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். திருடுகிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. கிழவி ஒருத்தியை ஏமாற்றிவிட்டு, சூடாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் ஒயரைப் பிடுங்கிப் பனியில் எறிந்தார்.

ஒயர் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, யாரோ பொறுமையாகச் சுருட்டுவதுபோல், இருட்டுக்குள் நகர்ந்து போனது.

அவர் வேகமாக ஏறிக் கதவைப் பூட்டினார். முள் சரியாகச் சிவப்புக் கோட்டில் நின்றது.

"புடுங்கிட்டியா?" என்றாள் குன்வோர்.

"உனக்கு வேணும்ல."

அவள் உதட்டோடு ஏதோ ஜெபிப்பது கேட்டது.

பனி வண்டியின் டிரைவர் யோர்டிஸ், மஞ்சள் மேலங்கியில் வரிசை நெடுகக் கண்ணாடிகளைத் தட்டிக்கொண்டே வந்தாள். வேனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்க போல. கிளம்பறோம். முன்னாடி விளக்கை விட்றாதீங்க, நடுவுல எதுக்கும் நிறுத்தாதீங்க. நீங்கதான் கடைசி."

"எனக்குப் பின்னாடி ஒரு கார் இருக்கே."

அவள் திரும்பி டார்ச் அடித்துப் பார்த்தாள். "பனி மேடுதான் இருக்கு. நேத்திலிருந்து அப்படியேதான் கிடக்கு. ராத்திரி தூங்கினீங்களா?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

வரிசை நகர்ந்தது. வெளியே வெள்ளையைத் தவிர வேறில்லை. முன்னால் சிவப்பு விளக்கு தோன்றி, மறைந்து, தோன்றியது. பின்னால் இயந்திரம் தன் வழக்கப்படி சீறியது, டக்கென்றது, சீறியது. எங்கோ மிகக் குளிர்ந்த காற்று உள்ளே நுழைந்து அவர் பிடரியைத் தொட்டது. ஈரக் கம்பளியின் வாசனை. நெடுநாள் மூடிக் கிடந்த வீட்டின் வாசனை.

"குன்வோர், மெஷின் ஓடுதா?"

"ஓடுது."

பின்கதவில் தட்டும் சத்தம். மரியாதையான தட்டல். காற்றில் ஏதோ ஆடுகிறது என்று நினைத்தார். திரைக்குப் பின்னால் அவள் யாரிடமோ தணிந்த குரலில் பேசினாள்.

"யார்கிட்ட பேசற?"

"ஜெபம்."

அவர் மீட்டரைப் பார்த்தார். முள் கோட்டில். அசையவே இல்லை. அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தைரியம் வந்தது. யாரும் எதுவும் எடுக்கவில்லை.

"மெஷின் ஓடுதா?"

"ஓடுது."

அதே சொல். அதே குரல்தான். ஆனால் சற்றுத் தள்ளியிருந்து வந்தது. படுக்கைக்கும் அப்பாலிருந்து.

நிறுத்த முடியாது. நிறுத்தினால் வரிசை போய்விடும்.

முள் கோட்டில்.

மூச்சுச் சத்தம் கேட்டது. ஒருவருடையது அல்ல.

முள் கோட்டில்.

ஒருவழியாக அந்தப் பக்கத்துக் கம்பம் தெரிந்தது. மஞ்சள் விளக்குகள், மனிதர்கள். ஓரமாக நிறுத்தி, திரையை விலக்கினார்.

குன்வோர் தலையணையில் சாய்ந்திருந்தாள். கைகள் மடியில், எதையோ கொடுத்து முடித்தவளின் கைகள்போலத் திறந்திருந்தன. முகத்தில் அமைதி. உதடுகள் நீலம். மூக்கில் குழாய் இல்லை.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக, அவர் அளந்து வைத்தபடி. அதிலிருந்து கிளம்பிய குழாய் போர்வைமீது ஊர்ந்து, தரையில் இறங்கி, பின்கதவின் அடி இடுக்கு வழியாக வெளியே போயிருந்தது. உறைபனி அதன்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"குன்வோர்."

தோளைப் பிடித்து உலுக்கினார்; தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அவர் குழாயைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுமுனையிலிருந்து, மிக மெல்ல, கெஞ்சுவதுபோல், யாரோ திருப்பி இழுத்தார்கள்.

பின்கதவுக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பனி உருகி ஒரு சிறு வட்டம் விழுந்தது. மூச்சு பட்டால் விழும் வட்டம். அதன் பக்கத்தில் இன்னொன்று.

அவற்றுக்கும் கீழே, மிகத் தாழ்வாக, ஒரு குழந்தையின் வாய் எட்டும் உயரத்தில், மூன்றாவது.