ஃப்ரேமில் அடங்காதது

முதல் படத்தில் முழுசாக இருந்த வைக்கோல் உருளை, அடுத்த படத்தில் ஓரம் வெட்டுப்பட்டு நின்றது. கேமராவின் சின்னத் திரையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நின்ற இடத்தை விட்டு அவள் அசையவே இல்லை. லென்ஸும் ஜூம் இல்லாதது. கை ஆடியிருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி ஓர் எட்டு பின்னால் போனாள்.

கல்யாண மண்டபங்களில் "கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போனவள். காலண்டர் அச்சகத்துக்காரர் வயல்வெளிப் படம் கேட்டதும், சிரிக்கச் சொல்ல வேண்டாத ஆட்கள் கிடைத்தார்களே என்று துள்ளிக்கொண்டு ஒப்புக்கொண்டாள். கணவனும் மகள் வாலுவும் கூடவே தொற்றிக்கொண்டார்கள். வாலு வழியிலேயே தூங்கிப்போனதால் அப்பாவும் மகளும் சாலையோரம் காரில் இருந்தார்கள். வானம் முழுக்க மேகம். படம் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. எதற்கும் நிழல் விழாது. இயந்திரம் சுருட்டிப் போட்ட உருளைகள், ஆள் உயரத்துக்கு, அறுத்த வயலில் ஆங்காங்கே கிடந்தன.

மறுபடி எடுத்தாள். மறுபடியும் ஓரம் வெட்டுப்பட்டது. சரி, இன்னும் பின்னால் போகவேண்டியதுதான். மொபைலில் ஜூம் பண்ணியே படத்தைக் கெடுக்கும் கணவனுக்கு அவள் அன்றாடம் எடுக்கும் பாடமே அதுதான்: "காலுதாங்க ஜூம். அடங்கலைன்னா சோம்பேறித்தனப்படாம பின்னாடி போங்க." அவனும் சல்யூட் அடித்துவிட்டு, பழையபடி ஜூம்தான் பண்ணுவான்.

கண்ணை எடுக்காமல் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். காற்று துளிகூட இல்லை. வைக்கோலின் காய்ந்த மணம் மெல்ல மெல்ல ஈரம் கோத்து, நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் மூக்கில் அடிக்குமே, அந்த வாடையாக மாறியது. காலடியில் அறுத்த நெல்தாள் நொறுங்கும் சத்தம் அவள் நின்ற பிறகும் ஒரு நொடி கூடுதலாகக் கேட்டது. வேறு யாரோ பின்தங்கிக் காலை ஊன்றியது போல இருந்தது.

முதுகில் என்னவோ இடித்தது. காராக இருக்கும் என்று நினைத்துக் கையால் தடவினாள். வைக்கோல்.

சூடாக இருந்தது.

கேமராவை இறக்கினாள். சுற்றிலும் உருளைகள். ஆங்காங்கே கிடந்தவை இப்போது தோளோடு தோள் ஒட்டி நின்றன. சாலையைக் காணவில்லை. நிழல் விழுந்திருந்தால் நெருங்கி வருவது முன்பே தெரிந்திருக்கும். அவள்தான் நிழலில்லாத நாளாகப் பார்த்து வந்தவள்.

ஓர் இடைவெளியில் தோளை நுழைத்தாள். பை மாட்டியது. இழுத்துக்கொண்டு திரும்பியபோது இடைவெளி இல்லை. மேலே ஏறப் பார்த்தாள். சுற்றியிருந்த நைலான் வலையைப் பிடித்து உன்னினாள். விரல்கள் வலைக்கண்ணுக்குள் இறங்கின. உள்ளே எதுவோ அவற்றை மெதுவாக, ஒவ்வொன்றாக, பிடித்துப் பார்த்தது.

கையைப் பிடுங்கிக்கொண்டு கணவனுக்கு போன் போட்டாள்.

"என்னங்க, வயலுக்குள்ள மாட்டிக்கிட்டேன். உருளையெல்லாம் நகருது."

"உருளைன்னா உருளத்தானே செய்யும்?" சிரித்தான்.

"விளையாடாதீங்க! வாலு எங்க?"

"எந்திரிச்சுட்டா. கார் பக்கத்துலயே ஒண்ணு கிடக்குதுல்ல, அதுமேல ஏத்தி உக்கார வெச்சிருக்கேன். ராணி கணக்கா இருக்கா."

கார் நின்ற இடத்தில் ஒன்றுமே கிடக்கவில்லை. வெட்டவெளியாக இருக்கிறது என்று அவளேதான் பார்த்து நிறுத்தச் சொன்னாள்.

"இறக்குங்க அவளை! தூக்கிட்டு ஓடிருங்க. எனக்காக நிக்காதீங்க, போங்க!"

"என்ன சொல்ற? விட்டு விட்டுக் கேக்குது. இரு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஒரே ஒரு போட்டோ. சே, முழுசா அடங்க மாட்டேங்குது."

கத்தினாள். பின்னாலிருந்த உருளை நெஞ்சை முன்னாலிருந்ததோடு சேர்த்து அழுத்தியது. வாயெல்லாம் தூசி. சத்தம் வரவில்லை. போன் பிடித்த கை மட்டும் முகத்துக்கு நேரே சிக்கிக்கொண்டது.

"ஜூம் பண்ணலப்பா, பயப்படாத," என்றான் அவன், பெருமையாக. "நீ சொன்ன மாதிரி பின்னாடிதான் போறேன்."

ஓரம் வெட்டுப்பட்ட படம் ஒன்று போன் திரையில் வந்து விழுந்தது. உருளைமேல் வாலு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. பக்கத்தில் கார். கார்க் கண்ணாடியில் அவன் சின்னதாகத் தெரிந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் உருண்டையாக, உயரமாக, இன்னொன்று.

பின்னாடி போகாதீங்க. முன்னாடி. முன்னாடி வாங்க.

உதடு மட்டும் அசைந்தது.

போனில் காலடிச் சத்தம். ஒன்று. இன்னொன்று. நின்றது.

"அட, என்ன இது, சூடா..."

போன் கீழே விழுந்த சத்தம். பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை.

"அப்பா?" வாலுவின் குரல் தூரத்தில் கேட்டது. "அப்பா, எங்க ஒளிஞ்சிருக்க?"

மேகம் அப்படியே இருந்தது. வயலுக்குள் அவள் விலா எலும்பு ஒன்று முறிந்தது.

"அம்மா," என்று வாலு கெக்கலித்தாள். "உள்ள யாரோ என் காலுல கிச்சுகிச்சு மூட்டுறாங்கம்மா."

குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.