பானட்டுக்கு அந்தப் பக்கம்

பின்னால் சக்கரத் தடம் இல்லை.

பல் டாக்டர் ஜீப்பின் பக்கக் கண்ணாடியைத் திருப்பி மறுபடி பார்த்தார். இவ்வளவு கனமான ஜீப் அந்தச் சேற்று வயலில் உறுமிக்கொண்டு வந்திருக்கிறது. முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்க வேண்டும். ஆனால் கேட்டிலிருந்து இங்கே வரைக்கும் சேறு, கரண்டி போட்டு வழித்துப் பூசினாற்போல் வழவழவென்று கிடந்தது. தூறல்தான் மூடியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் இருந்த மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மச்சான் என்றால் மனைவியின் ஒரே தம்பி. இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் கோபம் வரும், காரணம் வராது. "ஒரே வண்டியில போங்க, சேத்துல புரளுங்க, சமாதானமா வாங்க. என் தம்பிக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, நீங்களும் வீட்டுக்கு வர வேண்டாம்" என்று மனைவிதான் பிடித்துத் தள்ளிவிட்டிருந்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இவருக்குத் தெரியும்.

நிலத்துக்காரர் வேறு வாசலிலேயே முகத்தில் அடித்தாற்போல் பேசினார். "நல்ல ரோட்டை விட்டுட்டுச் சேத்துல ஓட்டணும்னு ஆசை. போங்க. மாட்டிக்கிட்டா என்னைக் கூப்பிடாதீங்க, டிராக்டர் வராது." கேட்டைச் சாத்திவிட்டுப் போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாட்டிக்கொண்டார்கள். மணி நாலுதான் ஆகியிருந்தது. ஆனால் மேகம் வெளிச்சத்தைப் பாதி தின்றுவிட்டது. நாலு சக்கரமும் சுற்ற, ஜீப் நகராமல் மெதுவாக உட்கார்ந்தது. அழுகின வைக்கோலும் பழைய சாக்கடையும் கலந்த ஒரு வாடை ஏசி வழியாக உள்ளே வந்தது.

"இடது பக்கம் ஒடிங்கன்னு சொன்னேன்ல மாமா?"

"எப்ப சொன்ன? மாட்டின அப்புறம் சொன்ன."

"பல்லு புடுங்குறவர்கிட்ட ஸ்டியரிங்கைக் குடுத்தா இப்படித்தான்."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். முன் பம்பரில் வின்ச் இருந்தது; மோட்டார் வைத்து இரும்புக் கம்பியைச் சுற்றும் உருளை. கம்பியின் கொக்கியை எதிரே இருக்கும் மரத்தில் மாட்டிவிட்டு மோட்டாரை ஓட்டினால், மரம் நகராது, வண்டி நகரும். கம்பி அறுந்து தெறித்தால் தலையை வாங்கிவிடும் என்பதால் பானட்டைத் தூக்கி நிறுத்தி அதை மறைப்பாக்கிக்கொள்வார்கள். ஓட்டுகிறவர் உள்ளேயே உட்கார வேண்டும். கம்பி விறைப்பாக இருக்கும்போது தலையை வெளியே நீட்டக் கூடாது. எதிரே என்ன நடக்கிறது என்று வாக்கிடாக்கியில் வெளியே நிற்பவன்தான் சொல்வான்.

மச்சான் பானட்டைத் தூக்கி நிறுத்தினான். அத்தோடு மரமும் வயலும் அவனும் மறைந்தார்கள். முன்கண்ணாடி முழுக்கக் கறுத்த தகரம். அவன் கால் சேற்றில் விழுந்து எழும் சத்தம் மட்டும் கேட்டது. சளக். சளக். பிறகு அதுவும் இல்லை.

டாக்டர் காத்திருந்தார். இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "மாட்டியாச்சு. இழு."

மரியாதை காற்றில் போய்விட்டது. போகட்டும், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வின்ச் ரிமோட்டின் பட்டனை அழுத்தினார். மோட்டார் முனகியது. கம்பி விறைத்து, கிர்ரென்று உருளையில் ஏற ஆரம்பித்தது.

"நீ தள்ளி நிக்கிறியாடா?"

"இழு."

"மரம் தாங்குதா?"

"இழு."

திடீரென்று மோட்டாரின் முனகல் இளகியது. வேரோடு ஒட்டியிருந்த கடைவாய்ப்பல் கடைசியில் அசைந்து கொடுக்கும்போது கையில் தெரியுமே, அந்த இளக்கம். அப்பாடா, வண்டி கிளம்பிவிட்டது என்று நினைத்துப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். வேலியோரத்து வெள்ளைக் கல் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது.

வண்டி நகரவில்லை. கம்பி ஏறிக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் அந்தப் பக்கம் இருப்பதுதான் வருகிறது.

மரம் பிடுங்கிக்கொண்டதோ? மச்சான் மேல் விழுந்துவிட்டதோ? அவன் அக்காவின் முகம் கண்முன் வந்தது. விதிமுறையாவது மண்ணாவது என்று ஜன்னலை இறக்கி, பட்டனை விடாமலே இடுப்பு வரை வெளியே சாய்ந்தார்.

மரம் நின்றுகொண்டிருந்தது. அசையாமல். அதில் கம்பி இல்லை.

கம்பி மரத்துக்குப் பாதி வழியில் சேற்றுக்குள் இறங்கியிருந்தது. இறங்கிய இடம் புடைத்துக்கொண்டு வண்டியை நோக்கி வந்தது. பம்பருக்கு ஓர் ஆள் தூரத்தில் சேறு பிளந்தது.

மச்சான்.

அக்குளுக்குக் கீழே கம்பி சுற்றியிருந்தது. வாய் நிறையச் சேறு. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. இவரைப் பார்த்தான்.

தலையை ஆட்டினான். வேண்டாம்.

டாக்டர் விரலை எடுத்தார். மோட்டார் நின்றது. உருளை தானாகவே பின்னால் சுழன்றது. மச்சான் கழுத்து வரை இறங்கினான். கண் பிதுங்கியது.

அழுத்தினார். ஏறினான். மார்பு. வயிறு. இடுப்பு.

இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள் கோத்திருந்தன.

அவன் கைகள் அல்ல.

அந்தக் கைகளுக்குப் பின்னால் ஒரு தலை எழுந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் சேறு. அது வாயைத் திறந்தது. உள்ளே சீட்டில் கிடந்த வாக்கிடாக்கி பேசியது.

"இழு."

அதன் இடுப்பிலும் இரண்டு கைகள். அதற்குப் பின்னாலும். மரம் வரைக்கும், மரத்தைத் தாண்டி வேலி வரைக்கும், சேறு வரிசையாகப் புடைத்து எழுந்துகொண்டிருந்தது. மச்சான் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். வேண்டாம், மாமா, வேண்டாம்.

டாக்டர் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை.