பயனர் பெயர்: முனிரத்தினம்

தொழிற்சாலையின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ரஃபத் ஜஹான், கம்ப்யூட்டரில் தன் பெயரைத்தான் அடித்தாள். திறந்ததோ முனிரத்தினத்தின் ஃபோல்டர்.

வெளியேறி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து மறுபடி அடித்தாள். அதேதான். கொஞ்சம் முன்னால் அவளே அழித்த ஃபோல்டர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்தத் தோல் தொழிற்சாலையில் டிரம்கள் ஓயாமல் உருளும் சத்தம் இன்று இல்லாததால், சர்வர் அறையின் விசிறி இரைச்சல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, ஏசி குளிரோடும் பச்சைத் தோலின் வாடையோடும் அவள் காதுக்குள் வந்து அடைத்துக்கொண்டிருந்தது.

முனிரத்தினம் இங்கே சூப்பர்வைசராக இருந்தவர். தோலிலிருந்து முடியைக் கழற்றுவதற்கான சுண்ணாம்புத் தொட்டியில் போன வாரம் விழுந்து செத்துப்போனார். தொட்டிமேல் போட்ட பலகை உளுத்துப்போயிருக்கிறது என்று பலமுறை சொன்னவர்.

"நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. அந்தாள் பேரே சர்வர்ல இருக்கக் கூடாது," என்று மேனேஜர் புகழேந்தி காலையில் போனில் சொன்னார்.

"பலகைய அவர் எடுத்த போட்டோல்லாம் அதுலதான் சார் இருக்கு."

"அதனாலதான் சொல்றேன். வேலை வேணுமா, வேணாமா?"

அழித்துவிட்டாள்.

சர்வர் அமைப்பைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொருவர் ஃபோல்டருக்கும் தனித்தனிப் பாதை அவள் எழுதியதில்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு குறியீடு மட்டும். யார் உள்ளே வருகிறார்களோ அவர் பெயரை சர்வரே அங்கே நிரப்பி, அவருடைய ஃபோல்டரைத் திறக்கும். எழுதியதில் பிழை இல்லை. அப்படியானால் உள்ளே வந்திருப்பது யாரென்று சர்வர் நினைக்கிறது?

பக்கத்து அக்கவுண்ட்ஸ் அறைக்கு ஓடினாள். வேறு கம்ப்யூட்டர். தன் பெயர். தன் பாஸ்வேர்டு.

முனிரத்தினம்.

அழுகிய முட்டை வாடை. சுண்ணாம்புத் தொட்டியின் வாடை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கீபோர்டு ஈரமாக இருந்தது. இல்லை, ஈரம் அவள் விரல்களில். நுனிகள் வெளுத்து, ஊறி, உப்பியிருந்தன.

புகழேந்திக்கு போன் போட்டாள். தொண்டை கரகரத்தது.

"சார், இங்க இன்னாமோ..."

எதிர்முனையில் மூச்சு இரைத்தது.

"யாரு பேசறது?" புகழேந்தியின் குரல் நடுங்கியது.

"ரஃபத் சார்."

"முனிரத்தினம், நான் வேணும்னு செய்யல. பலகைய மாத்தச் சொல்லலாம்னுதான்..."

"சார், நான் ரஃபத்."

அந்தக் குரல் அவள் காதிலும் விழுந்தது. வயதான ஆண் குரல்.

போன் கட்டானது.

தலை அரித்தது. சுற்றியிருந்த துப்பட்டாவுக்கு அடியில், உச்சி முழுக்க. ஊசி ஏற்றுவதுபோல. பின்னைக் கழற்றினாள். துணி கனத்தது. மெல்ல இழுத்தாள்.

வலிக்கவில்லை.

துப்பட்டா மடியில் விழுந்தது. அதற்குள் சுருண்டு, வெள்ளைக் குழம்பு சொட்டச் சொட்ட, அவள் முடி மொத்தமும்.